எடை பார்த்து வாங்கிய புத்தகங்கள்

"வெப் டிசைன் அடிப்படையைப் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் சார்?" என்று வாரத்துக்கு ஒருத்தராவது போன் போட்டுக் கேட்டுவிடுகிறீர்கள். வேலையை விட்டு, வீட்டில் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு மரியாதைக்குக் கேட்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, படித்து முடித்த திருப்தியோடு தூங்கப் போய்விடுவீர்கள். நானும் அப்படிப்பட்ட ஆள்தான், அதனால் சொல்கிறேன்.

பேருக்குப் பதிலாக, நான் புத்தகம் வாங்கிய கதையைச் சொல்கிறேன். ஒரு தடவை தப்பாக வாங்கினேன், ஒரு தடவை சரியாக வாங்கினேன். இரண்டுக்கும் நடுவில் நாலே நாள்.

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், கம்ப்யூட்டர் சென்டராக மாறியிருந்த நேரம். அதை நடத்தியவர் ஒரு அக்கா. இருபது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு நேராக சென்டருக்கு வந்து யார் யார் வேலைக்கு வரவில்லை என்று பார்க்கிற ஆள். நான் அங்கே கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவன். பொன் வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்து, நெருப்புப் பக்கம் உட்காரப் பொறுமை இல்லாமல் கம்ப்யூட்டர் பக்கம் வந்து உட்கார்ந்தவன். யாரும் சொல்லித் தரவில்லை. மவுஸ் என்கிற எலியை நகர்த்தி நகர்த்தி நானாகவே கண்டுபிடித்ததுதான் அத்தனையும். எட்டூருக்கு என் பத்திரிகைதான் போகும். அன்னப்பறவை, யானை, வாழை மரம், எதைக் கேட்டாலும் இரண்டு ஓரத்திலும் நிறுத்திக் காட்டுவேன்.

ஒரு வியாழக்கிழமை புதுவயலில் இருந்து ஒரு ரைஸ் மில் முதலாளி வந்தார். சிங்கப்பூரில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கிற ஒருவர் அரிசி கேட்டிருக்கிறார். புதுவயலில் மூன்று மில்லுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். கடைசி வரியில், 'அடுத்த வெள்ளிக்கிழமை காலை உங்கள் ஊர் நேரம் பத்து மணிக்கு என் மகள் இன்டர்நெட்டில் உங்கள் மில்லைப் பார்ப்பாள், பார்த்த பிறகு போன் செய்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

"மத்த ரெண்டு மில்லுக்காரனும் மதுரையில ஆளு பிடிச்சுட்டான். நீங்க செய்வீகளா, மாட்டீகளா?" என்றார் மில்லுக்காரர்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெப் டிசைன் என்றால் என்னவென்றே தெரியாது. "செய்வோம்ணே" என்றேன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாத வாய் எனக்கு.

அவர் போனதும் அக்கா சொன்னார்: "தம்பி, உங்க வாயை நம்பித்தான் இப்ப நானும் மாட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்லேர்ந்து போன் வந்தா இந்த வெப் டிசைன் வேலை உங்களுக்கு. வரலைன்னா, மதுரையில படிச்சவர் ஒருத்தர் வேலை கேட்டுக்கிட்டே இருக்காரு, அவரைப் போட்டுருவேன். நீங்க யானையும் அன்னமுமா இருந்துக்கங்க."

யானையும் அன்னமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்பது வருஷமாக அதே யானை. அதற்கும் என் முகம் அலுத்திருக்கும். இந்தப் புது வேலை எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

புத்தகம் வாங்க அக்கா பணம் கொடுத்தார், சனிக்கிழமை காலை திருப்பத்தூர் வழியாக மதுரைக்கு பஸ். என் மனைவி வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் சீப்புச் சீடை கட்டிக் கொடுத்தாள். புத்தகக் கடையில் கம்ப்யூட்டர் புத்தகங்களுக்கென்று ஒரு சுவரே இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ், தோண்டித் தோண்டிப் படிக்கிற அளவுக்கு வரும்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பொன் வேலைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பொருளை மதிப்பிட இரண்டே வழிதான் தெரியும். ஒன்று எடை, இன்னொன்று மினுக்கு. நான் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அண்ணே, இதைப் படிக்கப் போறீகளா, உருக்கப் போறீகளா?"

"கனமா இருந்தாத்தானே விஷயம் இருக்கும்?"

"கனமாத்தான் வேணும்னா டெலிபோன் டைரக்டரி இருக்கு, தரட்டுமா?"

அவர் பேச்சை நான் காதில் வாங்கவில்லை. எடைக்கு ஒன்று எடுத்தேன். ஆயிரத்து நானூறு பக்கம், கூடவே சீல் வைத்த சி.டி. மினுக்குக்கு ஒன்று எடுத்தேன். அட்டையைச் சாய்த்தால் நிறம் மாறும். வண்ணங்களைப் பற்றியது, உள்ளே ஏழு கலரில் ஏழாயிரம் சேர்க்கை. மூன்றாவதாக, பக்கத்தில் எழுத்தை ஓட வைப்பது, மினுக்க வைப்பது, பாட்டுப் பாட வைப்பது எப்படி என்று ஒன்று. அதையும் எடுத்தேன். ஓடுகிறதும் பாடுகிறதும் இருந்தால் மற்ற இரண்டு மில்லையும் தூக்கிச் சாப்பிட்டுவிடலாமே! திரும்பி வருகிற பஸ்ஸில் சீடையைக் கொறித்துக்கொண்டே, புரட்டிக்கொண்டே, மேலூர் தாண்டும்போதே நான் மேதையாகிவிட்டேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள். மூன்று புத்தகமும் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. மில்லுக்காரர் நடுநடுவே வந்து அவர் பங்குக்குச் சேர்த்தார். "எங்கப்பா படம் மேலே இருக்கணும். அவுகதான் மில்லை ஆரம்பிச்சது." சரி. "சித்தப்பா பேரு விட்டுப்போச்சுன்னா வீட்டுல ஏறவே முடியாது." சரி. "மூத்த மச்சினன் பேருக்குக் கீழேதான் இளைய மச்சினன் பேரு." அதெல்லாம் எனக்குச் சொல்லவா வேண்டும்? ஒன்பது வருஷம் பார்த்த வேலை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கம் தயார். எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார். அதன் கீழே மில்லுக்காரரின் அப்பா, மாலையோடு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக. இரண்டு ஓரத்திலும் என் யானை. 'அன்புடையீர்' என்று தொடக்கம். அப்புறம் சித்தப்பா, பெரியப்பா, மச்சினன்மார் என்று பதினேழு பேர், 'தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்' என்ற வரியோடு. சிவப்பு மேல் மெரூன் எழுத்து. வலமிருந்து இடமாக ஓடுகிற வாழ்த்துச் செய்தி. திறந்ததும் நாதஸ்வரம். சிங்கப்பூர்க் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் எழுத்து மொத்தத்தையும் படமாகவே போட்டிருந்தேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அக்காவே, "ஆண்டவரே, எதைப் பாக்குறதுன்னே தெரியலை" என்றார். பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் சென்டரில் பிரிண்டருக்கு ஒரு மேஜை செய்துகொண்டிருந்தவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன், தச்சு வேலை. என்னைக் கிண்டல் செய்வதைத் தன் தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து ஒரு கடமையாகவே செய்துவருகிறவர். நாதஸ்வரச் சத்தம் கேட்டு உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"யாருக்கு மாப்ள கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல மச்சான். ரைஸ் மில்லு."

"மில்லுக்கா கல்யாணம்?"

"வியாபாரத்துக்கு மச்சான். சிங்கப்பூர்க்காரர் இதைப் பாத்துத்தான் அரிசி வாங்கப் போறாரு."

"அப்படியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, நான் சிங்கப்பூர்க்காரன்னு வச்சுக்கங்க. எனக்கு இட்லி அரிசி வேணும். அரிசி எங்குட்டு இருக்கு?"

எலியை அவர் கையில் கொடுத்தேன். அதை இழைப்புளி மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, ஒரே தள்ளாகத் தள்ளினார். எலி மேஜையை விட்டுப் போய் ஒயரில் தொங்கியது. "நல்லா வழுக்குது" என்றார். மறுபடி கையில் வைத்து, அழுத்துகிற இடத்தைக் காட்டினேன். முதலில் மில்லுக்காரர் அப்பாவை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. யானையை அழுத்தினார். அதுவும் அசையவில்லை. சித்தப்பாவை அழுத்தினார்.

"எதைத் தொட்டாப் போகும், எதைத் தொட்டாப் போகாதுன்னு எப்படி மாப்ள தெரியும்?"

"அதான் பளிச்சுனு இருக்கே மச்சான்."

"எல்லாந்தான் பளிச்சுனு இருக்கு. கல்யாண வீட்டுல பொண்ணு யாருன்னு தெரியாத மாதிரி முழிக்கிறேன்ல?" ஓடுகிற வரியைப் படிக்கத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது நிக்காதா? பஸ்ஸு கிளம்பின பெறகு போர்டு படிக்கச் சொல்றீகளே!" கீழே இறங்கி இறங்கிப் போய் எதையோ அழுத்தி, மூத்த மச்சினனின் வாழ்த்துரைக்குள் நுழைந்துவிட்டார். "சரி, உள்ளே வந்துட்டேன். எப்படி வெளியே போறது?"

வெளியே போக வழி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. அரிசி கடைசியில் இருந்தது, பதினேழு பேருக்கும் கீழே, மெரூன் கலரில். அவர் அதுவரைக்கும் வரவே இல்லை. எழுந்து துண்டை உதறிக்கொண்டார். "மாப்ள, கோவிச்சுக்காதீக. இம்புட்டு நேரத்துக்கு நான் நடந்தே புதுவயலுக்குப் போயி ஒரு மூட்டை வாங்கியிருப்பேன்." அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. படிக்காத மனுஷன், இவருக்கு என்ன தெரியும் என்று. அப்புறம் யோசித்தேன். சிங்கப்பூர்ப் பெண் படித்தவள்தான். ஆனால் அவளுக்கு என் மச்சான் அளவுக்குப் பொறுமை இருக்குமா? மச்சானுக்காவது தங்கை வாழ்கிற வீட்டு மாப்பிள்ளையாயிற்றே என்று ஒரு கட்டாயம் இருந்தது. அவளுக்கு என்ன கட்டாயம்?

ஒரு பத்திரிகை ப்ரூஃபின் பின்பக்கத்தில் அவர் கேட்டதையெல்லாம் சுருக்கி எழுதினேன். 'இது என்ன இடம்? அரிசி எங்குட்டு? எதைத் தொட்டாப் போகும்? எழுத்து ஏன் நிக்கலை? எப்படித் திரும்பி வர்றது?' எழுதிவிட்டு என் மூன்று புத்தகத்திலும் தேடினேன். ஆயிரத்து நானூறு பக்கத்திலும் இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. எழுத்தை ஓட வைக்க நாற்பது பக்கம் இருந்தது. எப்போது ஓட வைக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை.

புதன்கிழமை காலை மறுபடி மதுரை. இந்தத் தடவை பையில் மூன்று புத்தகம், சட்டைப் பையில் ஐந்து கேள்வி, கூடவே மறுபடியும் சீடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, தராசு எடுத்தாரவா?" என்றார்.

ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, அட்டையைப் பார்க்காமல், பின்பக்கம் திறந்தேன். கடைசியில் எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்கும் இல்லையா? அதில் என் கேள்வியைத் தேடுவேன். இருந்தால் அந்தப் பக்கத்தை நின்றபடியே படிப்பேன். இல்லாவிட்டால் திரும்ப வைப்பேன். மூன்று மணி நேரம்.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாக" என்றார் கடைக்காரர்.

பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ புத்தகம். நோயாளி மாதிரி வெளிறிப்போன அட்டை. சி.டி. இல்லை. கனமும் இல்லை. நான் சனிக்கிழமை அதைக் கையால் தொட்டிருக்கக்கூட மாட்டேன். பட்டியலைப் பார்த்தேன், ஐந்தில் நாலு கேள்வி இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால், அங்கே ஒரு வெப் பக்கத்தின் படம். சிவப்பு மேல் கருஞ்சிவப்பு எழுத்து, இரண்டு ஓரத்திலும் பூக்கொடி, நடுவில் ஓடுகிற வரி, மேலே ஒரு பெரிய மனுஷன் படம். யானைதான் இல்லை. அதன் கீழே, 'இப்படிச் செய்யாதீர்கள், ஏனென்றால்' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் திட்டு.

கடையில் நின்றபடியே எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு எவனோ காரைக்குடியில் நான் செய்ததைப் பார்த்துவிட்டான்! அந்த நிமிஷமே முடிவு செய்தேன், இதுதான் என் புத்தகம். பிள்ளைகளே, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்ட தப்பை, காரணத்தோடு திட்டுகிற புத்தகத்தை வாங்குங்கள். பாராட்டுகிற புத்தகம் நண்பனிடம் கடன் வாங்கிப் படிக்கத்தான் லாயக்கு.

ஆனால் இரண்டாவது தடவை வாங்க அக்காவிடம் பணம் கேட்க எனக்கு முகம் இல்லை. மூன்றையும் மேஜை மேல் வைத்தேன். "இதை எடுத்துக்கிட்டு இந்த ஒண்ணைத் தாங்கண்ணே."

"சி.டி. சீலை உடைச்சிருக்கீக."

"அந்தக் குண்டுப் புத்தகத்தை நானே வச்சுக்கறேன். மத்த ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு பாருங்க."

புரட்டினார். வண்ணப் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் நல்ல வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. "இது எந்த வண்ணம்ணே? ஏழாயிரத்துல இல்லையே?"

"சீடை" என்றேன்.

"யாரு சுட்டது?"

"வீட்டுல." பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ஒன்று எடுத்தார். அப்புறம் இரண்டு எடுத்தார். மூன்றாவது தடவை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு, "சரி, கறை இருக்குறது கழிச்சு, சீடை நல்லாருக்குறது கூட்டி, சரியாப் போச்சு. எடுத்துக்கங்க" என்றார். பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை.

வியாழக்கிழமை மில்லுக்காரரோடு சண்டை. பக்கத்தைப் புதுசாகச் செய்திருந்தேன். வெள்ளை மேல் கறுப்பு எழுத்து. மேலே மில் பேர், அதன் கீழே 'புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி' என்று மூன்றே மூன்று, எளிய இங்கிலீஷில். மில்லின் போன் நம்பர். ஒரு ஓரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற எண், அதை எடுக்க அவர் விடவில்லை. யானை போயிற்று. அப்பாவும் பதினேழு பேரும் 'எங்கள் குடும்பம்' என்று உள்பக்கம் போயிருந்தார்கள்.

"எங்கப்பாவைப் பின்னாடி தள்ளிட்டீகளா?" மில்லுக்காரர் குரலுக்கு மூன்று கடை தள்ளி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அவுக இல்லாம மில்லு ஏதுய்யா?"

அவரைப் பகைத்தால் வேலையே போகும். அவர் சொன்னபடி செய்தால் நாளைக்கு போன் வராது. புத்தகத்தைக் காட்டி விளக்கலாமா? அமெரிக்காக்காரன் சொல்லி இவர் அப்பாவை நகர்த்துவாரா? அந்தச் சமயத்தில் ஒன்று தோன்றியது. மச்சானுக்கு நான் எதையும் விளக்கவில்லை, அவர் கையில் எலியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதேபோல இவருக்கும் காட்டிவிடுவோம்.

"சரிண்ணே. அப்பா மேலேயே இருக்கட்டும். சிங்கப்பூர்ல எப்படித் தெரியும்னு ஒரு தடவை பாத்துருவோம்." பழைய பக்கத்தை, டெலிபோன் லைன் வழியாகவே திறந்தேன்.

உங்களுக்கு அந்தக் கால லைன் எப்படி என்று தெரியாது. படம் ஒரே வீச்சில் வராது. மேலிருந்து கீழே, ஒவ்வொரு கோடாக, இழுத்து இழுத்து வரும். பிள்ளையார் வந்து முடித்தார், அப்புறம் அப்பா படத்தில் மாலையின் மேல்பாதி. அப்புறம் தலைமுடி. மில்லுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நெற்றி வந்தது, மூன்று பட்டை விபூதியோடு. இரண்டு நிமிஷம் கழித்துப் புருவம். அதற்கப்புறம் கண். கண்ணோடு நின்றது.

"என்ன ஆச்சு?"

"வந்துக்கிட்டு இருக்குண்ணே."

மூக்கு பாதி வந்தது. மில்லுக்காரரின் அப்பாவுக்கு மீசைதான் அடையாளம். புதுவயலில் அந்த மீசையைத் தெரியாத ஆள் இல்லை. நாங்கள் எல்லாரும் மீசைக்காகக் காத்திருந்தோம். மச்சான் ரம்பத்தைப் பிடித்தபடியே வந்து நின்றுகொண்டார். மூக்கு முக்கால் வந்தது. லைன் அறுந்தது.

"மீசை எங்கய்யா?"

"லைன் அறுந்துருச்சுண்ணே. மறுபடி பிள்ளையார்லேர்ந்து ஆரம்பிக்கணும். மீசை வர இன்னும் ஆறு நிமிஷம் ஆகும்."

அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. "எங்கப்பாவை மீசை இல்லாம சிங்கப்பூர்ல கொண்டுபோயி நிறுத்துறதா?" என்றார் மெல்லிய குரலில். கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "உள்ளேயே இருக்கட்டும். பொறுமையாப் பாக்குறவுக வந்து முழுசாப் பாத்துட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கே மில்லுக்காரர் வந்துவிட்டார், வேட்டி மடிப்புக் கலையாமல். மில்லுக்கு போன் வந்தால் உடனே சென்டருக்கு அடிக்கச் சொல்லிக் கணக்கப்பிள்ளையை அங்கே உட்கார வைத்திருந்தார். அக்கா செபமாலையைக் கையில் வைத்திருந்தார். மச்சானுக்கு அன்று மேஜையில் வேலை முடிந்திருந்தது, ஆனாலும் வந்திருந்தார்.

"அவுக பாக்கும்போது நமக்கு இங்க தெரியுமா?" என்று கேட்டார் மில்லுக்காரர்.

"அந்த எண்ணிக்கை கூடும்ணே."

அதைச் சொன்னதுதான் தப்பு. பத்து மணிக்குப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். எண் பதினொன்று. கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி திறங்க" என்றார் மில்லுக்காரர். திறந்தேன். பன்னிரண்டு. "பாத்துட்டாக!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

"அது நாம இப்பத் திறந்ததுண்ணே."

"அப்படியா? சரி, இன்னொரு தடவை திறங்க." பதின்மூன்று. "இது?" "இதுவும் நாமதாண்ணே." இப்படியே போயிற்று. நடுவில் ஒரு தடவை பத்தொன்பதில் இருந்து இருபத்தொன்றுக்குத் தாவியது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். மச்சான் மில்லுக்காரரின் முதுகில் தட்டினார். எல்லாரும் போனைப் பார்த்தோம். போன் அசையவில்லை.

பத்தரை. பத்தே முக்கால். பதினொன்று. எண் முப்பத்திரண்டு ஆகியிருந்தது, தாவிய அந்த ஒன்றைத் தவிர அத்தனையும் நாங்கள். "மத்த மில்லுக்குப் போயிருச்சு" என்று மில்லுக்காரர் மெதுவாகச் சொன்னார். யானையை எடுத்திருக்கக் கூடாதோ என்றுகூட நினைத்தேன், அது உண்மை. அக்கா என் பக்கமே திரும்பவில்லை.

பதினொன்று இருபதுக்கு வாசலில் ஒரு அரிசி லாரி வந்து நின்றது. அதிலிருந்து மில் கணக்கப்பிள்ளை குதித்தார். சட்டை முழுக்கத் தவிடு.

"எங்கே முதலாளி? அய்யா, இங்க போனுக்கு என்ன வந்துச்சு? பத்தே காலுக்கே சிங்கப்பூர்லேர்ந்து மில்லுக்குப் போன் வந்துருச்சு! இன்டர்நெட்டுல ஒரே நிமிஷத்துல எல்லாம் கண்டுபிடிச்சுட்டோம், இட்லி அரிசி வேணும்னு சொன்னாக. முதலாளி இங்க இருக்காகன்னேன். பதினொன்றரைக்குள்ள பேசச் சொல்லுங்க, இல்லாட்டி அடுத்த மில்லுக்குப் பேசுவோம்னாக. அப்பலேர்ந்து இங்க அடிக்கிறேன், எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ்! லாரியைப் பிடிச்சு வர்றேன்!"

சென்டரில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். அதே லைனில்தான் இன்டர்நெட். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் எண்ணிக்கையை நாங்களே ஏற்றி, போன் வர வேண்டிய வழியை ஒரு மணி நேரமாக நாங்களே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பிடுங்குங்க மாப்ள!" என்று கத்தினார் மச்சான்.

மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கிப் போனில் சொருகினேன். கணக்கப்பிள்ளை குறித்து வந்த சிங்கப்பூர் நம்பரை மில்லுக்காரர் அழுத்தினார். முதல் தடவை விரல் தவறியது. இரண்டாவது தடவை மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது. பதினொன்று இருபத்தாறு.

"ஹலோ! வணக்கங்க... ஆமாங்க, நான்தான்... இல்லைங்க, லைனு... லைனு கொஞ்சம் பிஸிங்க!" அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டார். "ஒரு கன்டெய்னரா? இந்த மாசக் கடைசிக்குள்ளயா? ஏத்திடலாங்க! தாராளமா ஏத்திடலாங்க!"

அவர் பேசி முடிக்கும் வரை நான் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. ஒயர் கழன்றுவிடக் கூடாது என்று கையால் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பக்கம் அதன் வேலையைப் பதினைந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டது. அந்தப் பெண் வந்தாள், அரிசியைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள், பக்கத்தை மூடிவிட்டுப் போனை எடுத்துத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். எவ்வளவு சீக்கிரம் மூடிவிட்டுப் போகிறார்களோ அவ்வளவு நல்ல பக்கம் அது. அதை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தது செய்தவன்தான். உங்கள் பக்கத்தை நீங்களே ரசித்துக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் எதுவோ, அதை வாங்குங்கள்.

அந்தக் குண்டுப் புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதில் சொல்லியிருந்த அத்தனை கட்டளையும் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வெளிறின அட்டைப் புத்தகத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி இருந்ததும் பழசாகிவிட்டது. ஆனால் மனுஷன் எங்கே முதலில் பார்ப்பான், எங்கே திகைப்பான், எப்போது எரிச்சல் வந்து எழுந்து போவான் என்று அதில் இருந்தது மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கருவி மாறும், ஆளா மாறுகிறான்?

மில்லுக்காரரும் கணக்கப்பிள்ளையும் அதே லாரியில் ஏறிப் போனார்கள். மடிப்புக் கலையாத வேட்டியோடு முதலாளி அரிசி மூட்டை மேலே உட்கார்ந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மச்சானும் போய்விட்டார். நான் முழங்காலில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன். போன் வந்தால் இந்த வேலை என்று சொல்லியிருந்தார். சரியாகப் பார்த்தால், போன் இங்கே வரவில்லை. நாங்கள்தான் போட்டோம்.

அக்கா செபமாலையைக் கைப்பைக்குள் வைத்தார். பத்திரிகை வேலைக்கு வந்த கல்யாண வீட்டுக்காரர் இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளே வாங்க" என்று அவர்களைக் கூப்பிட்டார். "பத்திரிகைக்கு இன்னும் ஆளு போடலை. நான்தான் எழுதிக்கணும், பேரையெல்லாம் மெதுவாச் சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் தம்பி இன்னும் இங்க நிக்கிறீக? போயி அடுத்த மில்லைப் புடிங்க" என்றார்.